பொட்டுக்கு நான்கு காரணங்கள்

அரசாங்கம் அந்தக் காணொளியை வெளியிட்ட மூன்றாம் நாள், என் தங்கை அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். மொத்தம் ஐம்பத்திரண்டு விநாடி. சாம்பல் நிறக் கடலின் மேல் வெள்ளைப் பொட்டு ஒன்று விரைகிறது. "யப்பா, என்ன வேகம் போகுது பாருங்க" என்று அவள் கணவரின் குரல். அதைத் துரத்தித் தாழ இறங்கிய அவர் விமானம் திரும்பவில்லை. எனக்கு முடிவெட்டுகிறவர்கூட கத்தரியை நிறுத்திவிட்டு வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிப் பாடம் எடுத்தார். அது என்னவாக இருக்கலாம் என்று எழுதித் தரவேண்டியவனே நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதித் தலையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

விமானக் கேமராக்களைப் பழுதுபார்க்கும் பிரிவு எங்களுடையது. அந்த வகைக் கேமராவை முழுதாக அறிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், உறவு என்று தெரிந்தும் வேலை என் தலையில் விழுந்தது. நான்கு காரணங்கள் எழுதியிருந்தேன். பலூன், பறவை, கண்ணாடியில் பட்ட ஒளி, விமானியின் தவறான கணிப்பு.

பலூன்தான். எனக்குச் சந்தேகமே இல்லை. பேருந்து ஜன்னலில் மின்கம்பம் பின்னால் ஓடுகிறதே, அதே கதை. ஓடியது விமானம், பலூன் பக்கத்திலேயே, உயரத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. ஆனால் திரையோரத்தில் தெரிந்த தூரக் கணக்கு அதை வெகுதொலைவில், கடலை ஒட்டிக் காட்டியது. தங்கை கணவர் அந்த எண்ணை நம்பி இறங்கினார்.

லென்ஸ் மாற்றினால், எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் குறிபார்த்துத் தூரத்தைச் சரிபார்க்க வேண்டும். அவர் விமானத்துக்கு நான் லென்ஸ் மாற்றிய அன்று மூடுபனி. தொட்டியே தெரியவில்லை. நேற்று சரியாக இருந்தது இன்று எங்கே போகப்போகிறது என்று, பழைய எண்ணைப் பார்த்து எழுதி 'சரி' போட்டேன். இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பயம்தான் அதிகம்.

தங்கை அறிக்கையை ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"அவரு தப்புன்னும் போட்டிருக்கியேண்ணா."

"இருக்கலாம்னுதாம்மா எழுதிருக்கேன்."

"அது எல்லாருக்கும் புரியுமா? பள்ளிக்கூடத்துல இப்பவே பாப்பாகிட்ட கேக்கறாங்களாம், உங்கப்பாவுக்குக் கண்ணு சரியில்லையான்னு."

நான் தண்ணீர் குடித்தேன்.

"அவரு கண்ணைக்கூட நம்ப மாட்டாரு, கருவியத்தான் நம்புவாரு. 'மச்சான் பாத்து அனுப்புனது, தப்பாகாது'ம்பாரு." தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீயே எழுதிருக்கேன்னா வேற வழி இல்லாமத்தான் எழுதிருப்பே. குடும்பத்துல யாராவது கையெழுத்துப் போடணும்னாங்களே, எங்க போடணும்?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நாலாவது காரணத்துக்குக் கீழே, இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்த வெள்ளைத் தாளில் விரலை வைத்தேன்.

"இங்கயா?" என்று கேட்டு, என் விரலை மெல்ல நகர்த்திவிட்டு, அந்த இடத்திலேயே தன் பெயரை எழுத ஆரம்பித்தாள்.