பிரின்ஸ் ஆர்பிட்டின் சொந்தக் குரல்

மேற்கு ஆப்பிரிக்காவின் இசை வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: பிரின்ஸ் ஆர்பிட் தோன்றுவதற்கு முன், தோன்றிய பின். கண்டத்தின் ஆன்மாவையும் விண்வெளி யுகத்தையும் ஒரே தாளத்தில் கட்டிப்போட்ட முதல் மனிதர் அவர்.

இந்த வாசகம் அவருடைய முதல் இசைத்தட்டின் பின்னட்டையில் இருக்கிறது. கீழே ‘டாக்டர் ஏ. ஏ., லண்டன்’ என்று போட்டிருக்கும். ஏ. ஏ. என்றால் அசுக்வோ ஆர்ச்சிபோங். அது பிரின்ஸ் ஆர்பிட்டின் இயற்பெயர். டாக்டர் பட்டத்தை அச்சகத்தில் நின்றபடியே வாங்கிக்கொண்டார். பிரின்ஸ் பட்டமும் அப்படி வந்ததுதான். அவருடைய அப்பா கலபார் துறைமுகத்தில் மூட்டை எடை போடும் குமாஸ்தா. லண்டனுக்குப் போனது ஒலிநாடா மட்டும். அதைத் தட்டாக அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

நான் அவருடைய பேஸ் கிட்டார்காரன். என் பெயர் இட்டா. அட்டையில் அது இல்லை, இடம் போதவில்லை.

இடம் போதாததால் இன்னொன்றும் விட்டுப்போயிற்று. சின்னத் தட்டு நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரிய தட்டு முப்பத்து மூன்று. கலபாரில் பிளேயர் வைத்திருந்த எல்லோருக்கும் இது பத்துக் கட்டளைகளுக்கு அடுத்தபடி. லண்டன்காரர்கள் டிஸ்கோவுக்காகப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள்: தட்டு பெரியது, ஓட்டம் நாற்பத்தைந்து. சத்தம் பிரமாதமாக இருக்குமாம். அதைப் பின்னட்டையில் பெரிய எழுத்தில் போடச் சொல்லிக் கடிதமும் வைத்திருந்தார்கள். பின்னட்டையை டாக்டர் ஏ. ஏ. ஏற்கெனவே நிரப்பிவிட்டிருந்தார்.

பாட்டின் பெயர் ‘என் ராக்கெட்டில் ஏறிக்கொள்’. அசுக்வோ பிரெஸ்பிடீரியன் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவர். குரல் மெல்லியது, உச்சத்தில் நிற்கும், பிசகாமல் நிற்கும். அந்தக் குரலுக்கென்றே கோடு போட்ட நோட்டில் பதினெட்டுத் தடவை அடித்து அடித்து எழுதிய பாட்டு அது. மெட்டும் அவருடையதே. நல்ல பாட்டுதான். கூட வாசித்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

எழுபத்தொன்பதில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, டிவியில் இளைஞர் நிகழ்ச்சி. நேரடி ஒளிபரப்பு. தட்டை அவர்கள் ஓட்டுவார்கள், நாங்கள் வாயசைக்க வேண்டும். எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். பிரின்ஸ் வெள்ளி பூட்ஸும், ஜன்னல் திரைத் துணியில் தைத்த பளபளா உடுப்பும் போட்டுக்கொண்டு ஒரு காலைத் தூக்கித் தயாராக நின்றார். நிலையத்துக்காரர் தட்டைப் பார்த்தார். பெரிய தட்டு. முப்பத்து மூன்றில் வைத்தார்.

ஒலிபெருக்கியிலிருந்து, மேடேறும் மரலாரியைப் போல ஒரு குரல் வந்தது. பாதாளத்திலிருந்து ஒரு கனத்த ஆண்பிள்ளை, அவசரமே இல்லாமல், “என்... ராக்...கெட்டில்...” என்றான்.

மாநிலமே பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கிய காலைப் பிரின்ஸ் என்ன செய்வார்? மெல்ல இறக்கினார். அடுத்த காலை மெல்லத் தூக்கினார். வாயை மெல்லத் திறந்து, மெல்ல மூடினார். பயத்தில் கண் இமைக்கக்கூட இல்லை. ஐந்து நிமிடப் பாட்டு ஏழு நிமிடம் ஓடியது.

திங்கட்கிழமை நாளிதழ், ‘புவியீர்ப்பை வென்ற நடனம்’ என்று எழுதியது. கலபார் வாட் மார்க்கெட் பெண்கள் அதற்குச் ‘சேற்று நடை’ என்று பெயர் வைத்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சேற்றில் நடப்பதுபோல் நடந்து போய், தாமதமாக வந்ததற்கு அடி வாங்கினார்கள். தட்டை வாங்கியவர்கள் கடைக்காரர்களிடம் சண்டைக்குப் போனார்கள்: டிவியில் கேட்டது இது இல்லை, இதில் யாரோ ஒரு பொடியன் அவசரமாகக் கத்துகிறான். கடைக்காரர்கள் புத்திசாலிகள். அட்டையில் ரப்பர் முத்திரை குத்தினார்கள்: ‘33இல் மட்டுமே ஓட்டவும்’. ரேடியோக்காரர்களும் அதைப் பார்த்து அப்படியே ஓட்டினார்கள்.

பிரின்ஸ் தன் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து ரேடியோவைப் போட்டுக் காட்டினார். அந்த அம்மாள் மார்க்கெட்டில் காய்ந்த இறால் விற்பவர். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார்.

“யாருப்பா இந்த ஆளு? அருமையா பாடுறாரு. ஒன் பாட்ட எப்ப போடுவாங்க?”

“மம்மா, இது என் பாட்டுதான். நான்தான் பாடுறேன்.”

“ஒன் தொண்ட எனக்குத் தெரியாதா? பெத்தவகிட்டயேவா?”

அன்று பிரின்ஸ் இரவுச் சோறு சாப்பிடவில்லை என்று கேள்வி.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாங்கள் மாநிலம் மாநிலமாகச் சுற்றினோம். எங்கேயும் தட்டு பாடியது, பிரின்ஸ் சேற்றில் நடந்தார், நான் ஒயர் சொருகாத கிட்டாரை வாசித்தேன். ஒயரின் மறுமுனையை மேசைக்காலில் கட்டியிருப்பேன். பேட்டி என்று யாராவது வந்தால் பிரின்ஸ் வாய் திறக்க மாட்டார், குரல் காட்டிக்கொடுத்துவிடும். கேள்விக்குப் பதிலைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். ஒரு வாரப் பத்திரிகை அவரைத் தத்துவஞானி என்றது. அதை மட்டும் அவர் மறுக்கவில்லை.

இப்படி ஊமையாகப் பேர் வாங்குவதில் ஒரு சங்கடம் உண்டு, எவனும் செய்யலாம். எண்பத்தொன்றில் நாட்டில் நான்கு பிரின்ஸ் ஆர்பிட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், எங்களையும் சேர்த்து. ஆபா நகரத்தில் இருந்தவன் பழைய ஏலக்காரன். தட்டு இல்லாமலே அந்தக் கனத்த குரலில் பாடினான். எங்களுக்கு அதுதான் வருத்தம். போலிகளிடம் ஏமாந்து ஏமாந்து ஜனங்களுக்கும் கண் கூர்மையாகியிருந்தது.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இகொட் எக்பெனே ஊர்க் கால்பந்து மைதானத்தில் எங்கள் நிகழ்ச்சி. ஏற்பாடு சீஃப் உடோஃபியா. சீஃப் என்றால் உண்மையான சீஃப். அந்த ஊர்த்தலைவர் பட்டத்தைப் போன பிப்ரவரி மாதம் வாங்கியிருந்தார். மாலை நான்கு மணிக்கு ஆறாயிரம் பேர். முன் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் பிரின்ஸின் அம்மா. அவரை வரவழைத்தது பிரின்ஸ்தான்.

மேடைக்குப் பின்னால் பிரின்ஸ் என் தோளைத் தொட்டார்.

“இட்டா, இன்னிக்கு ஒயர சொருகு.”

“எதுக்கு பிரின்ஸ்?”

“வாசிக்கத்தான்.”

“சும்மா வெளயாடாத. கை மறந்துபோச்சு எனக்கு.”

“நான் பாடப்போறேன். என் கொரல்ல. நான் எழுதின வேகத்துல. ஒரே ஒரு தடவ அவங்க கேட்டா போதும், அப்பறம் அந்த லாரிக்காரன் கொரல எவனும் தேட மாட்டான். அம்மாவும் உக்காந்திருக்கா.”

“கேட்டுட்டு அடிச்சாங்கன்னா?”

“நல்ல பாட்டு கேட்டு எவன்டா அடிப்பான்?”

ஒயரைச் சொருகினேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். பிரமாதமாகப் பாடினார். குரல் ஏறி, உச்சத்தில் ஒரு வெள்ளிக் கம்பி மாதிரி நின்றது. கால்கள் பறந்தன. நானே நான்கு இடத்தில் மட்டும்தான் தப்பாக வாசித்தேன். முதல் சரணம் முடியும்வரை மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. பிரின்ஸ் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது சரணத்தில் பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். “டேய், இவன் டூப்ளிகேட்டு!”

“கொசு மாதிரி கத்துறான், இவனாடா ஆர்பிட்டு?”

“நடையப் பாரு! சூடு மணல்ல கோழி ஓடற மாதிரி!”

“ஃபோர் ஒன் நைன்! ஃபோர் ஒன் நைன்!”

419 என்பது சட்டப் புத்தகத்தில் மோசடிக்கான பிரிவு. ஆறாயிரம் பேர் அதைத் தாளத்தோடு சொன்னார்கள். தாளம் சரியாக இருந்தது. முதல் ஆரஞ்சு என் மேல் விழுந்தது. மூன்றாவது கண்ணாடிப் புட்டி மேடையில் வந்து விழுந்தபோது போலீஸும் வந்தது. அடிபடாமல் காப்பாற்றத்தான் பிடித்துப் போனார்கள் என்று நினைத்தேன். அது பாதி சரி.

காவல் நிலையத்தில் சார்ஜென்ட் டெர்சூ இருந்தார். பெனுவே பக்கத்து ஆள், நிதானமானவர். சுட்ட வாழைக்காயைச் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துவிட்டுத்தான் பேரேட்டைத் திறந்தார்.

“பேரு?”

“பிரின்ஸ் ஆர்பிட்.”

“அது அவன் பேரு. ஒன் பேரச் சொல்லு.”

“நான்தான் ஓகா அவன்.” ஓகா என்றால் எங்கள் பக்கத்தில் எஜமான்.

“அப்ப பாடு.”

பிரின்ஸ் நின்ற இடத்தில் பாடினார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

பிரின்ஸ் தட்டின் கதையைச் சொன்னார். நாற்பத்தைந்து, முப்பத்து மூன்று, லண்டன், பின்னட்டை, எல்லாம். சார்ஜென்ட் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்ப டிவி தப்பு.”

“ஆமா ஓகா.”

“கடைக்காரன் தப்பு. ரேடியோவும் தப்பு.”

“ஆமா ஓகா.”

“ஆபாவுல ஒருத்தன் அதே கொரல்ல பாடறானாமே, அவன்?”

“அவன் டூப்ளிகேட்டு ஓகா.”

“ஒரிஜினல் கொரல் உள்ளவன் டூப்ளிகேட்டு. கொரல் இல்லாத நீ ஒரிஜினல்.” கான்ஸ்டபிளைப் பார்த்தார். “எழுதிக்கோ. ஆளு தெளிவா இருக்கான், குடிக்கல.”

அப்போது சீஃப் உடோஃபியா விசிறியோடு உள்ளே வந்தார். பிரின்ஸ் எழுந்து நின்றார்.

“சீஃப், நீங்களே சொல்லுங்க.”

சீஃப் அவரை மேலும் கீழும் பார்த்தார். இவன் அசல் என்றால், இல்லாத கனத்த குரலுக்கு டிக்கெட் விற்ற சீஃப் ஆறாயிரம் பேரை ஏமாற்றியவர். போலி என்றால் சீஃபும் ஏமாந்தவர்களில் ஒருவர். இதை யோசிக்க அவருக்கு விசிறியை இரண்டு தடவை ஆட்டும் நேரம் பிடித்தது.

“இந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்ல, சார்ஜென்ட்.”

“சீஃப்! போன ஞாயித்துக்கெழம ஒங்க வீட்லதான சாப்பிட்டேன்!”

“என் வீட்ல எவன் எவனோ சாப்பிடறான்.”

கடைசி நம்பிக்கையாக அம்மா வந்தார். கூட்டத்தில் நசுங்கி, தலைத்துணி அவிழ்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். பிரின்ஸின் முகம் அப்போதுதான் தெளிந்தது. சார்ஜென்ட் மரியாதையாக நாற்காலி போட்டார்.

“மம்மா, இவரத் தெரியுமா?”

“என் வயித்துல பொறந்த புள்ள, அய்யா. அசுக்வோ.”

“இவர்தான் பிரின்ஸ் ஆர்பிட்டா?”

அந்த அம்மாள் முப்பது வருடமாக சர்ச்சில் முன் பெஞ்சில் உட்காருகிறவர். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை.

“அவரு வேற ஆளுய்யா. அவரு கொரலு கனமா இருக்கும். இவன் அவர மாதிரி வரணும்னு ரொம்ப நாளா ஆசப்படறான். வேற ஒரு தப்பும் தெரியாது, விட்டுருங்க.”

பிரின்ஸ் மெதுவாக உட்கார்ந்தார். சார்ஜென்ட் பேனாவை மூடினார். குரலில் கொஞ்சம் கனிவு வந்திருந்தது.

“இங்க பாரு தம்பி. ரெண்டு வழி இருக்கு. நீ அசல்னு சொன்னா, நோட்டீசுல சொன்ன கொரல்ல பாடாம ஜனங்கள ஏமாத்திட்டன்னு சீஃப் கேசு போடுவாரு. புது வருசம் முடிஞ்சுதான் ஜட்ஜு வருவாரு, அதுவர உள்ள இருக்கணும். போலின்னு சொன்னா, மொதத் தடவ, எச்சரிச்சு விட்டுரலாம். சின்னக் குத்தம். நீயே சொல்லு.”

சீஃப் தலையாட்டினார். அம்மா, “சொல்லுப்பா, வீட்டுக்குப் போலாம், சூப்பு வெச்சிருக்கேன்” என்றார்.

பிரின்ஸ் என்னைப் பார்த்தார். நான் என் சட்டையிலிருந்த ஆரஞ்சுக் கறையைப் பார்த்தேன்.

பேரேடு திறந்தது. ‘பிரின்ஸ் ஆர்பிட் என்னும் புகழ்பெற்ற கலைஞரைப்போல் நடித்தேன். இனிமேல் நடிக்க மாட்டேன்.’ சார்ஜென்ட் சொல்லச் சொல்லப் பிரின்ஸே எழுதினார். கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு நானும் போட்டேன்.

வாசல் வரை சார்ஜென்ட் கூட வந்தார்.

“கொரலு மோசமில்ல தம்பி. ஆனா அடுத்தவன் பாட்டு எதுக்கு ஒனக்கு? சொந்தமா ஒண்ணு எழுதிப் பாரேன்.”

பிரின்ஸ் ஆர்பிட் அவருக்கு நன்றி சொன்னார்.