முப்பத்தோராவது புள்ளி

தீயணைப்பு நிலையத்தின் மாடியில் கல்லூரிக்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்த அந்த அறையை இடித்துவிட்டார்கள் என்று போன மாதம் கேள்விப்பட்டேன். இடிக்கட்டும். அங்கே ஒரு ஜன்னலும் ஒழுங்காகச் சாத்தாது. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கீழே இறங்கி, தண்ணீர் வண்டியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆனாலும் செய்தியைக் கேட்டதிலிருந்து அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. என் வாழ்நாளில் நான் சந்தோஷமாக உட்கார்ந்திருந்த ஒரே வகுப்பறை அதுதான்.

யாக்கிமா பள்ளத்தாக்கில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது ஆப்பிள். நானும் எல்விராவும் பேக்கிங் கூடத்தில் ஒரே பெல்ட்டின் இரண்டு பக்கமும் எதிரெதிரே வருஷக்கணக்காக நின்றவர்கள். ஆப்பிள் உருண்டு வரும். அடிபட்டது, சொத்தை, குட்டி, கோணல் எதுவானாலும் எடுத்து ஜூஸ் தொட்டியில் வீச வேண்டும். பழகிவிட்டால் கண் பார்ப்பதற்கு முன்பே கை எடுத்துவிடும். வீட்டில் சாப்பாட்டு மேஜையில்கூட என் கை உடைந்த பிஸ்கட்டைத் தனியாகத் தள்ளி வைக்கும். என் வீட்டுக்காரர் ஜீன் அதைப் பார்த்து நக்கலடிப்பார்.

எல்விராவின் மணிக்கட்டு இரண்டும் போய்விட்டன. காபிக் கோப்பையைத் தூக்கக்கூட இரண்டு கையும் வேண்டும். கூடத்தின் மாடியில் தரம் பார்க்கும் மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மாதிரிப் பழங்களை எடைபோட்டு வரைபடம் போடும் வேலை, உட்கார்ந்தே பார்க்கலாம். ஆனால் அதற்கு ஆரம்ப அல்ஜீப்ரா தேறியிருக்க வேண்டும். அவள் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். ஜூன் மாதம் வரை பார்ப்பேன், அதற்கப்புறம் வெளியாளை வைத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை தனியாகப் போக மாட்டேன் என்று அவள் அழுததால்தான் தீயணைப்பு நிலைய வகுப்புக்கு நானும் பெயரைக் கொடுத்தேன். எனக்கு அந்த நாற்காலியும் வேண்டாம், அல்ஜீப்ராவும் வேண்டாம்.

வாத்தியார் பெயர் ஹால்வர்சன். ஒல்லியான ஆள், எங்கள் வயதுதான் இருக்கும். சனிக்கிழமை காலையில் சைக்கிளில் வருவார், ஒரு டப்பா டோனட்டும் கொண்டு வருவார். முதல் சில வாரம் எக்ஸ், ஒய் என்று ஓடியது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் மேஜைக்கு ஒரு பை ஆப்பிளும் ஒரு தராசும் வைத்தார். ஒவ்வொரு பழத்தையும் எடைபோட்டு, ஒரு நீளக் கோட்டில் அந்த எடைக்கு மேலே ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். ஒரே எடை திரும்ப வந்தால் புள்ளிக்கு மேல் புள்ளி.

எங்கள் படங்கள் எல்லாம் கச்சிதமாக வந்தன. நடுவில் ஒரு சின்னக் குன்று, இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. ஹால்வர்சன் மேஜை மேஜையாகப் போய்ப் பார்த்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"ஒவ்வொரு பையிலயும் நான் ஒரு குட்டியும் ஒரு தடியனும் போட்டிருந்தேனே, அதெல்லாம் எங்க?"

கடைசியில் லாரியில் பெட்டி ஏற்றும் டுவைட்தான் ஒத்துக்கொண்டான். "குட்டியை நான் தின்னுட்டேன் சார்."

மற்றவை குப்பைக் கூடையில் கிடந்தன. எடுத்துப் போட்டது எங்களுக்கே தெரியாது, சத்தியமாக. வகுப்பில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பேக்கிங் கூடத்து ஆட்கள். மனுஷன் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு கூடைக்குள் கையை விட்டுப் பழங்களைப் பொறுக்கி, கழுவி, எங்கள் முன்னால் திரும்ப வைத்தார்.

"இந்த ரூமுல ஜூஸ் தொட்டி கிடையாது. வந்தது எல்லாம் பெல்ட்டுலயே இருக்கும். தப்பா அளந்திருந்தா மட்டும் தூக்கலாம்."

அன்றிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. எண் கூட்டத்துக்கும் ஓர் உருவம் உண்டு, அதை வாயால் வர்ணிக்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை. வடிவம் எப்படி, நடு எங்கே, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று மூன்றையும் சொல்லிவிட்டால் படத்தைப் பார்க்காதவனுக்கும் அது புரிந்துவிடும். சர்ச்சுக்கு யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று மனசுக்குள் புள்ளி வைத்துப் பார்த்தேன். மணி அடிக்கும் முன் ஒரு குன்று, பாட்டு முடிந்தபின் இன்னொரு குன்று, பிரசங்கத்தின்போது சொட்டுச் சொட்டாக ஒரு வால். பாதிரியாரிடம் சொன்னேன், அவர் ரசிக்கவில்லை.

நாங்கள் ஓட்டி வந்த வண்டிகளின் வயதையும் ஒரு நாள் படமாகப் போட்டோம். டுவைட்டின் பிக்கப் வண்டி அவனைவிட மூத்தது. அந்த ஒன்றால் எங்கள் எல்லாருடைய சராசரியும் ஏறிப்போனது. என் வண்டிக்குப் போய்க் கிழப்பட்டம் கட்டியதில் எனக்குக் கோபம்கூட வந்தது. வண்டிகளை வயது வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதன் வயதை எடுத்தால் அதற்கு இடைநிலை என்று பெயர். அது அசையவே இல்லை. இப்படி ஒரு பக்கம் வால் நீண்டால் இடைநிலையைத்தான் நம்ப வேண்டும் என்றார் ஹால்வர்சன். இதெல்லாம் இப்போது சொல்லும்போது சப்பென்று இருக்கலாம். அன்றைக்கு எங்களுக்கு அது திருவிழா.

கடைசிப் பரீட்சைக்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்தார். அவரவர் வாழ்க்கையிலிருந்து குறைந்தது முப்பது எண்கள் எடுத்து, படம் போட்டு, எல்லார் முன்னாலும் வர்ணிக்க வேண்டும். நான் ஜீன் பிடித்த மீன்களின் நீளத்தை எடுத்தேன், அவர் சொல்லும் நீளத்தை அல்ல. எல்விரா தன் மகன் எஃப்ராயின் ஃபோனில் பேசும் நிமிஷங்களை எடுத்தாள். அவன் இலையுதிர் காலத்தில் அலாஸ்காவுக்கு மீன் ஆலை வேலைக்குப் போனவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். அவள் படம் அழகாக வந்திருந்தது, ஐந்து நிமிஷத்தில் உச்சி வைத்த குன்று. இந்தத் தடவை தேறிவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

முன்னோட்டமாகப் படங்களைச் சுவரில் ஒட்டிய சனிக்கிழமை, ஹால்வர்சன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இதில் எதையாவது எடுத்துப் போட்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். வெட்கக்கேடு, எல்லார் கையும் மேலே. நானும் ஜீனின் ஒரு சுண்டு மீனைக் கழித்திருந்தேன். அடுத்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் திரும்ப வைக்க வேண்டும் என்றார். எல்விரா மட்டும் எழுந்து நின்றாள்.

"முப்பதுதான கேட்டீங்க? எனக்கு முப்பது இருக்கு."

மொத்தம் எத்தனை என்று கேட்டார். முப்பத்தொன்று என்றாள். விட்ட ஒன்றைத் தப்பாக அளந்தீர்களா என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"ஆனா அது மத்தது மாதிரி கிடையாது சார். அது அவன் பேசினதே இல்ல."

"அப்ப அதையும் வச்சு, ஏன் மத்தது மாதிரி இல்லன்னு நீங்க சொல்லணும் எல்விரா. வைக்கலைன்னா என்னால பாஸ் போட முடியாது." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். எனக்கு அந்த டோனட் டப்பாவை எடுத்து அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி பரிட்டோ ரொட்டிச் சுருள் வாங்கிக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தாள். அந்த ஃபோன் எத்தனை நிமிஷம் என்று கேட்டேன். முப்பத்தாறு என்றாள். குடித்துவிட்டு உளறினானா, யாரையாவது கட்டிக்கொண்டானா என்று நானும் என்னென்னவோ கேட்டேன்.

"ஒரு புள்ளிடி. பென்சிலை வச்சு எடுத்தா முடிஞ்சுது. இதுக்காகவா மேல்மாடி நாற்காலியை விடுவ?"

"உனக்கு அது புள்ளி." என்றவள் பரிட்டோவைக் காகிதத்தில் திரும்பச் சுற்றினாள்.

அந்த வாரம் முழுக்கப் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் பழம் எடுத்தாள். பிடிவாதக்காரி என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். ஹால்வர்சனையும் விடவில்லை, சைக்கிள் பஞ்சராகட்டும் என்று சபித்தேன்.

கடைசிச் சனிக்கிழமை எல்விரா கைக்குள் எதையோ சுருட்டிக்கொண்டு வந்தாள். விரித்துச் சுவரில் ஒட்டியபோதுதான் புரிந்தது. பழைய தாளில் இடம் போதாமல் இன்னொரு தாளைப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். இடது பக்கம் அதே குன்று. அப்புறம் கோடு மட்டும் போய்க்கொண்டே இருந்தது, ஒன்றுமே இல்லாமல். இரண்டாவது தாளின் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி.

அவள் முறைப்படி ஆரம்பித்தாள். குன்று இடது பக்கம், வலது பக்கம் நீண்ட வால். மிகச் சிறியது இரண்டு நிமிஷம், மிகப் பெரியது முப்பத்தாறு. அந்தத் தனிப் புள்ளியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் ஹால்வர்சன்.

"அது ரோமானை அடக்கம் பண்ண அன்னிக்கு." ரோமான் அவள் கணவன், ஜனவரியில் போனவன். "அங்க புயல். பிளேன் எதுவும் கிளம்பல. பையனால வர முடியல. நான் ஃபோனைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு நின்னேன், அவன் கேட்டுக்கிட்டு இருக்கட்டும்னு. பாதிரியார் பேசினாரு, காத்து அடிச்சுது, மண்ணு போட்டாங்க. அவன் ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. கார் கதவைச் சாத்தினப்புறம்தான் வச்சான்."

நான் அன்றைக்கு அவளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அவள் கையில் பிடித்திருந்தது கைக்குட்டை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இதைப் போய் எல்லாருக்கும் காட்டலாமான்னு இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை அவன்கிட்டயே கேட்டேன். போடும்மான்னான்."

டுவைட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹால்வர்சன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மனுஷன் இத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை, அடுத்த கேள்வியையும் கேட்டார். அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மற்றவர்களிடம் கேட்ட எதையும் அவளிடம் மட்டும் குறைக்காமல் கேட்டாரே, அதற்காக இப்போது அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

"சராசரி என்ன, இடைநிலை என்ன, எதை வச்சு இதைச் சொல்லுவீங்க?"

"இடைநிலை அஞ்சு. அந்தப் புள்ளி இருந்தாலும் அஞ்சு, இல்லாட்டியும் அஞ்சு. அவங்க அப்பாவைப் புதைச்ச அடுத்த வாரம்கூட நாலு நிமிஷம்தான் பேசினான். அங்க பனி கொட்டுதான்னு கேட்டான், சாப்பிட்டியான்னு கேட்டான், வச்சுட்டான். அதனால இடைநிலைதான் சார் சரி. சராசரி அந்த ஒண்ணால இழுபட்டு ஆறாயிடுச்சு."

சரி என்று தலையாட்டி, தாளில் குறித்துக்கொண்டு, நீங்கள் தேறிவிட்டீர்கள் என்றார். யாரோ கை தட்டினார்கள். எல்விரா யாரையும் பார்க்கவில்லை. சுவரிலிருந்து படத்தைக் கிழியாமல் பிரிக்க அவள் விரல்களால் முடியவில்லை. நான் போய் மறு முனையைப் பிடித்தேன். மாடி நாற்காலி கிடைத்துவிட்டது, இனிமேல் கை வலிக்காது, உனக்கென்ன என்று ஏதோ உளறினேன். அவள் நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தாளைச் சுருட்டிக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அந்தப் புள்ளியை விட்டுட்டா சராசரியும் அஞ்சுதான்டி. அதைச் சேர்த்ததும் ஆறாயிடுச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவன் என்கூட இன்னும் ஒரு நிமிஷம் இருந்தான்னு கணக்கு சொல்லுது. பாஸ் பண்ண இடைநிலை போதும். வீட்டுக்கு நான் சராசரியை எடுத்துட்டுப் போறேன்."