மல்கீத் சிங்கை முன்னால் நிறுத்துவது

1.
இந்தக் கதை ஒரு புகைப்படத்தால் வந்தது. எங்கள் ஊர் நகராட்சி வாசலில் மாட்டியிருக்கிறார்கள். ஊர் என்றால் இத்தாலியில், பாலாடைக்கட்டிக்குப் பேர்போன சமவெளி. நான் திருமங்கலத்துக்காரன். இங்கே மாட்டுப்பண்ணையில் பஞ்சாபிகளோடு பால் கறந்தே தலை நரைத்துவிட்டது.

படத்தில் எங்கள் பண்ணை லக்பீர் சிங் மலர்வளையத்தோடு நிற்கிறார். கீழே எழுதியிருப்பது: 'உலகப்போரில் நமக்காக இங்கே உயிர்விட்ட இந்திய வீரர் ஜாகீர் சிங்கின் பேரன்.'

பேரன் லக்பீர் இல்லை. பின்னால் குடை பிடித்துக்கொண்டு பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்கிறாரே, அதே பண்ணை மல்கீத், அவர்தான். (ஜாகீர் அவர் தாத்தாவின் அண்ணன். முறைக்குப் பேரன்தானே?)

2.
இப்படித்தான் தொடங்கினேன்: 'பீரங்கிப் புகைக்கு நடுவே ஜாகீர் சிங் பாய்ந்து

வேண்டாம். நான் பார்த்த ஒரே பீரங்கியில் பிள்ளைகள் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஜாகீரைப் பற்றி மல்கீத்துக்குத் தெரிந்ததே கொஞ்சம். இரும்புத் தொப்பி கொடுத்தபோது, தலைப்பாகை போதும் என்றாராம். ஆற்றங்கரைச் சண்டையில் செத்தார். சாம்பலும் இங்கேயே கரைந்தது.

3.
போரில் இறந்தவர்களுக்கு நினைவு நாள் நடத்தும் குழுவின் இவானா அம்மா பண்ணைக்கு வந்தார். "தலைப்பாகை கட்டினவர் ஒருத்தர் வேணும். மலர்வளையம் வைக்கணும்."

மல்கீத் கையைத் தூக்கினார். "என் தாத்தாவோட அண்ணன் இந்த ஊர்லதாம்மா செத்தார்."

அம்மா அவருடைய ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம்ப்பா. ஆனா ஜனங்களுக்கு அடையாளம் தெரியணும்ல?"

(மல்கீத் முடியை வெட்டியதே இந்த நாட்டுக்கு வரத்தான். காட்டுவழியில் எல்லை தாண்டும்போது, தலைப்பாகை தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்று ஏஜெண்ட் வெட்டச் சொன்னான்.)

அம்மாவின் கண் தலைப்பாகை கட்டிய லக்பீர் மேல் போனது. லக்பீர் பதறினார். "எனக்கு எதுக்கும்மா? எங்க தாத்தா அந்தச் சண்டை நேரத்துல பட்டாளத்துக்கு எருமை வித்தவரு."

"அதுவும் சேவைதான்" என்றார் இவானா.

4.
விழா அன்று மழை. தலைப்பாகை நனையக்கூடாதென்று இவானா அம்மா மல்கீத் கையில் குடையைக் கொடுத்தார்.

நிருபர் பெண் லக்பீரிடம் கேட்டாள்: "உங்க தாத்தா பேரு என்ன?"

சொந்தத் தாத்தாவைச் சொன்னால் பின்னாலேயே எருமையும் வரும். லக்பீர் விழித்தார். "ஜாகீர் சிங்."

எல்லோரும் கைதட்டினார்கள். மல்கீத் தட்டவில்லை. கையில் குடை.

திரும்பும்போது லக்பீர் ஆரம்பித்தார். "பாஜி, உங்க பெரியவர் பேரை ஊரே கேக்க வச்சேன். தப்பா?" (பஞ்சாபியில் பாஜி என்றால் அண்ணன்.)

"பேரைச் சொன்னே, சரி. பேரனை ஏண்டா கொன்னே?"

5.
முதல் முடிவு: மல்கீத் குடையை எறிந்துவிட்டு, "நான்தான் பேரன்!" என்று கத்துகிறார்.

பால் கறக்கும்போது அவருக்கு இந்தியில் சொல்லிக் காட்டினேன்.

"நான் எங்கே கத்தினேன்? லக்பீர் நனைஞ்சிருப்பானே."

இரண்டாம் முடிவு: இவானா அம்மா மன்னிப்புக் கேட்டு, படத்துக்குக் கீழே பேரை மாற்றுகிறார்.

மல்கீத் சிரித்தார். "அந்தம்மா மன்னிப்பு கேக்கும். அடுத்த வருஷமும் அவனைத்தான் கூப்பிடும்."

"அப்ப நீங்களே சொல்லுங்க பாஜி, எப்படி முடிக்கட்டும்?"

மாட்டின் மடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கதையிலயாவது என்னை முன்னாடி நிறுத்து."

"தலைப்பாகையோடயா, இல்லாமலா?"

அடுத்த மாட்டுக்குப் போய்விட்டார்.

முன்னால் நிறுத்திவிட்டேன். ஆனால் வாக்கியம் பாதியில் நிற்கிறது. தலைப்பாகை கட்டிவிட்டால் நான் இவானா கட்சி. கட்டாமல் விட்டால் ஏஜெண்ட் கட்சி. உங்களுக்கு இரண்டு பேரையும் தெரியாது, அதனால் நீங்களே முடித்துவிடுங்கள்:

மல்கீத் சிங் மலர்வளையத்தை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். அவர் தலையில்