பிரைட்டன் லாசராக எழும்பிய சாயங்காலம்

தலைமுடியைச் சேவல் கொண்டை மாதிரி நிறுத்திக்கொண்டு திரிகிற ஒருவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதைவிட, வள்ளத்தைக் கொளுத்திவிட்டுக் கரையில் சும்மா உட்காரலாம் என்றுதான் சிலுவைமுத்து நினைத்தார். ஆனால் மகள் அபினா கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள். ரத்தத்தைக் கண்டே பயப்படாதவள், அப்பனைக் கண்டா பயப்படுவாள்?

அவன் பெயர் பிரைட்டன். குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரைதான். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்து வந்தவன். ஊரில் எல்லோரும் சென்ட்டும் கோடாலித் தைலமும் கொண்டுவருவார்கள். இவன் ஒரு பெட்டி டிவிடி கொண்டுவந்தான். பாதி பேய்ப்படம். மீதி பங்க் ராக் என்று ஒரு பாட்டு. சிலுவைமுத்து ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். பாடுகிறவனுக்குக் கடைவாய்ப்பல்லில் வலி, வாசிக்கிறவர்களுக்குள் சொத்துச் சண்டை என்று தெரிந்தது.

"கிட்டாருல மூணு கார்டு வாசிக்கத் தெரிஞ்சாப் போதும் மாமா. மீதியெல்லாம் கோவம்."

"கோவம் வந்தா கரமடி வலை இழுக்கப் போலே. அங்க கயிறு பிடிக்க ஆளில்ல."

சட்டையைக் கிழித்து ஊக்கு குத்தியிருப்பான். அவன் அம்மா நேசம்மாள் தைத்து வைத்தால் மறுபடியும் கிழிப்பான். படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவன் வாயை மூடுகிற மூடி உலகத்தில் இல்லை. "பேய் பறக்கும்போ நூலு தெரியும் மாமா! நூலு தெரியும்! அதாக்கும் அழகு!" என்று சொல்லிக் கண்ணைத் துடைப்பான்.

நூல் தெரிகிற பேய்க்கு அழுகிறவனை எப்படி நம்புவது?

பங்குச் சாமியார்தான் வழி சொன்னார். "திருவிழா நாடகத்துல அவனைச் சேத்துப் பாரும். அடக்க ஒடுக்கமா நிக்கானான்னு தெரிஞ்சிரும்."

"செரி சாமி. ஒழுங்கா நடிச்சான்னா வாற ஞாயித்துக்கிழமை முதல் ஓலை வாசியுங்க. இல்லைன்னா நான் வேற இடம் பாக்குவேன்."

ஓலை என்றால் மூன்று ஞாயிறு பூசையில் கோயிலில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு. அது வாசித்துவிட்டால் ஊர் அறிய உறுதி.

நாடகத்தில் சிலுவைமுத்துவுக்கு எப்போதும் இயேசுவின் தலைமைச் சீடர் இராயப்பர் வேடம். தாடி இருக்கிறது, அதனால். பிரைட்டனுக்கு என்ன கொடுப்பது என்று அவரே யோசித்து லாசர் வேடத்தைக் கொடுத்தார். வசனம் கிடையாது. உடம்பு முழுக்கத் துணி சுற்றுவதால் கொண்டையும் தெரியாது. செத்துக் கிடக்க வேண்டும், இயேசு கூப்பிட்டால் கல்லறையிலிருந்து எழும்பி வரவேண்டும். இதில் எதைக் கெடுக்க முடியும்?

"செத்தவன் எழும்பி நடக்கதா மாமா? எனக்கா?" என்று கேட்கும்போதே பிரைட்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. விசுவாசம் என்று நினைத்துக்கொண்டார்.

கோயில் முற்றத்தில் வெயில் தாழ்ந்ததும் நாடகம் தொடங்கியது. தார்ப்பாயில் கல்லறை. தையல்காரர் ஏசுஅடிமை இயேசு. இயேசு கண்ணாடி போட்டதில்லை என்பதால் அவருடைய கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அது இல்லாமல் அவருக்கு மேடையும் தெரியாது, கடலும் தெரியாது.

"லாசரே, வெளியே வா!"

ஆர்மோனியம் வரவேண்டிய இடத்தில் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து அந்தப் பல்வலிக்காரன் பாட்டு இடித்துக்கொண்டு வந்தது. முதலில் ஒரு கை வந்தது. அப்புறம் தலை. முகமெல்லாம் பீட்ரூட் சாறு. ஒரு கண் அவித்த முட்டை, நூலில் கன்னத்தில் ஆடியது. போதாததற்கு அழுகின சாளைமீன் குடலை உடம்பில் பூசியிருந்தான். "கிர்ர்ர்..." என்று உறுமிக்கொண்டு ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான்.

முற்றம் காலியாயிற்று. பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. லாசரின் தங்கை மரியாளாக நின்ற ராகேல் மயங்கி விழுந்தாள். அப்போஸ்தலர்கள் ஆளுக்கொரு பக்கம் குதித்தார்கள். எல்லோருக்கும் முதலில் குதித்தவர் இராயப்பர். ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்த்தான் அவருக்கு மூச்சு வந்தது.

அங்கிருந்து எட்டிப் பார்த்தார். மேடையில் ஏசுஅடிமை பந்தல்காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஆசீர்வாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். மூத்த சகோதரி மார்த்தாள் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். மார்த்தாள் வேடம் அபினாவுக்கு.

"ஏய், இங்க வா."

"கிர்ர்ர்..."

"என்ன கிர்ரு? முதல்ல அந்த முட்டையை எடு."

"அபி, சீன் போயிட்டிருக்கு..."

மைக் ஓடிக்கொண்டிருந்தது. கடலில் நின்ற வள்ளம் வரைக்கும் கேட்டது. பிரைட்டன் முட்டையை எடுத்தான். அவள் துணிக்குள் கைவிட்டு அவன் காதைத் தேடிப் பிடித்து முறுக்கினாள்.

"ஒழுங்கா நடிக்கல்லைன்னா ஓலை கிடையாது. ஓர்மை இருக்கா?"

"வேதத்துலயே நாறும்னு போட்டிருக்கு அபி. நாலு நாளு ஆன பொணம்..."

"முட்டி போடு. கும்பிடு."

முட்டி போட்டான். கும்பிட்டான். அவள் இயேசுவைத் தோளைப் பிடித்து அவன் பக்கம் திருப்பி நிறுத்தினாள். ஓடினவர்கள் ஒவ்வொருவராக வந்து, சிரித்து, விசிலடித்துக் கை தட்டினார்கள். எந்த வருடமும் அவ்வளவு கைதட்டல் கிடையாது.

மீன்காரி வேளாங்கண்ணி ஜெனரேட்டர் பக்கம் வந்தாள். "என்னவோய் இராயப்பரே, நல்ல ஓட்டம்!"

"இராயப்பர் வேதத்துலயும் பயந்தவருதான். நான் உள்ளபடி நடிச்சேன்."

"வேதத்துல ஜெனரேட்டர் உண்டுமா?"

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். "என்ன வோய், ஓலை வாசிக்கவா, வேண்டாமா?"

சிலுவைமுத்து மேடையைப் பார்த்தார். மகள் ஈரத்துணியால் அவன் மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டி தேய்ப்பது போலத் தேய்த்தாள். அவன் கண்ணை மூடி மூஞ்சியைத் தூக்கிக் காட்டினான்.

"பய ஒழுங்கா நடிக்கல்ல சாமி. அதை நான் எங்கயும் சொல்லுவேன். ஆனா எல்லாரும் ஓடின இடத்துல எம்பொண்ணு ஒருத்திதான் நின்னா. அவ சொன்னா அவன் கேக்கான். வாசியுங்க."

காதில் விழுந்ததும் பிரைட்டன் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து அவரைச் சாளைநாற்றத்தோடு கட்டிப்பிடித்தான்.

"மாமா! உங்க ஓட்டம் பிரமாதம்! எங்க பேய்ப்படத்துலயும் முதல்ல ஓடுகது தாடிக்காரன்தான்!"

சிலுவைமுத்து அவனைப் பிய்த்துத் தள்ளிவிட்டு, அங்கியில் ஒட்டின குடலைத் தட்டினார்.

"சாமி, முதல் ஓலை மட்டும் வாசியுங்க. ரெண்டாவதுக்கு நான் யோசிச்சுச் சொல்லுகேன்."