குதிரைக்காரியின் பூட்ஸ்

எனக்குப் பொறாமைதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. என் ஓரகத்தி விஷ்ணுப்ரியா இந்த மட்டாஞ்சேரி வீட்டுக்குள் கால் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து என் பெண் ஸ்நேஹா என் பெண்ணாக இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முதல் கேள்வி, "சித்தி வந்தாச்சா?" தலை பின்னச் சித்தி, கணக்குப் போடச் சித்தி, என்னிடம் கோபித்துக்கொண்டு போய்ப் படுப்பதற்குச் சித்தியின் கட்டில். பெற்றவள் ஒருத்தி அடுப்படியில் இருக்கிறாள் என்பது பசித்தால்தான் ஞாபகம் வரும்.

இது போதாதென்று குதிரை வந்தது. எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறவள், ஞாயிற்றுக்கிழமையானால் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தூங்க வேண்டியதுதானே? திருப்பூணித்துறைக்கு அப்பால் யாரோ ஒரு சேட்டன் குதிரைச் சவாரி கற்றுக்கொடுக்கிறாராம். போய்ச் சேர்ந்துவிட்டாள். வேலிக்கு வெளியே நின்று வீடியோ எடுக்க ஸ்நேஹாவும் கூடவே போவாள்.

அப்புறம் வந்தது அந்தப் பூட்ஸ். கான்பூருக்கு அளவு அனுப்பித் தைத்தது. முழங்கால் வரைக்கும் ஏறுகிற பழுப்புத் தோல். ஜிப் கிடையாது, கயிறு கிடையாது. காலை நுழைத்து அப்படியே இழுத்துக்கொள்ள வேண்டும். ஆடுசதைக்கு அளவெடுத்தபோது டேப்பைப் பிடித்தவள் என் பெண்தான். "சித்தி, அடிபொளி!" என்று குதித்தாள். அன்றைக்குக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு என் காலையும் அளந்து பார்த்தேன். எவ்வளவு என்று யாரிடமும் சொல்லவில்லை.

"தோல் சாமான் வாசப்படி தாண்டப்படாது" என்று சட்டம் போட்டேன்.

"மிருதங்கம் தோல் இல்லையா மன்னி?" என்று சிரித்தாள் விஷ்ணுப்ரியா.

ஆனாலும் என் பேச்சை மீறவில்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். இந்த ஊர் மழைக்குத் தோலில் பூஞ்சணம் பூத்துவிடும் என்று உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்தாள். சாப்பிட்ட தட்டைக் கழுவாத என் பெண், தினம் சாயங்காலம் துணியும் கையுமாக உட்கார்ந்து அதைத் துடைத்தாள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எனக்கென்று மிச்சமிருந்தது பாட்டு ஒன்றுதான். விஷ்ணுப்ரியா வாயைத் திறந்தால் கூரையில் இருக்கிற காக்கை பறந்துவிடும். நவராத்திரி வெள்ளிக்கிழமை கொலுவுக்கு முன்னால் நானும் ஸ்நேஹாவும் சேர்ந்து பாடுவது, அவள் மழலை பேசின காலத்திலிருந்து வழக்கம். என் தொடையில் தாளம் போடுவாள். என் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த அடியை எடுப்பாள். வருஷம் பூராவும் சித்திக்கே இருந்துவிட்டுப் போகட்டும், அந்த ஒரு சாயங்காலம் எனக்கு வேண்டும்.

இந்த வருஷமும் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. சுண்டல் தாளித்தாயிற்று, பட்டுப்புடவை கட்டியாயிற்று. சித்தியும் பெண்ணும் மாடியில் அலங்காரம் செய்துகொண்டிருந்தார்கள். வாழையிலை எடுக்கப் பின்பக்கம் போனேன். பெஞ்சின் மேல் இரண்டும் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தன. அப்படி என்னதான் இருக்கிறது இதில்? ஒரே ஒரு காலில் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பேப்பரை உருவிப் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். ஏறாது ஏறாது என்று அடம்பிடித்துக் கடைசியில் ஏறியது. புடவையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதில் எரிச்சல் இன்னும் கூடியது.

கழற்றப் போனால் வரவில்லை. விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று வீங்கின கால். குதிகாலைப் பிடித்துத் திருகினேன், பெஞ்சில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். அசையவில்லை. தோல் பூட்ஸோடு படி தாண்ட முடியுமா? அதுவும் சட்டம் போட்டவளே? படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பின்கேட் திறந்தது. பக்கத்து வீட்டு பாக்கியலக்ஷ்மி மாமி. சட்டென்று புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன்.

"என்னடி திரிபுரம், விளக்கு வைக்கற நேரத்தில வெளியில உக்காந்துண்டிருக்காய்?"

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் புடவையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"கஷ்டமே! இன்னிக்குப் பார்த்தா வரணும்? சரி, அங்கேயே இரு. ஒண்ணையும் தொட்டுடாதே, கேட்டியா?"

மாதவிலக்கு என்று நினைத்துவிட்டாள். பண்டிகை நாளில் ஒரு சுமங்கலி தனியாகக் கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தால் மாமிக்கு வேறு அர்த்தமே தெரியாது. நான் இல்லை என்று சொல்லவில்லை. மானம் தப்பியது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷம் மாமி கூடத்துக்குப் போய்ச் சேரும் வரைக்கும்தான்.

"திரிபுரம் இன்னிக்கு உள்ளே வரப்படாது. விஷ்ணு, நீயாக்கும் எல்லாருக்கும் குங்குமம் குடுக்கணும். ஸ்நேஹா, நீ தனியாப் பாடிடு."

தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான். என் பெண்ணோடு எனக்கிருந்த ஒரே சாயங்காலத்தை என் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

விஷ்ணுப்ரியா தண்ணீரும் மாத்திரையுமாக வந்தாள். "ரொம்ப வலிக்கறதா மன்னி?"

நான் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்துத் தொலை என்று மனசுக்குள் திட்டினேன். ஆனால் சத்தம் வரவில்லை. மறுகணம் எனக்கு முதுகைக் காட்டி நின்று, என் காலைத் தன் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டாள்.

"அங்கே எல்லாரும் இப்படித்தான் கழட்டுவா. நான் இழுக்கறேன், நீங்கோ இன்னொரு காலை என் பின்னால வெச்சு நன்னாத் தள்ளுங்கோ."

இரண்டு வருஷமாக நான் செய்ய நினைத்த காரியம். பட்டுப்புடவை என்று பார்க்காமல் மனசார உதைத்தேன். கை நழுவி அவள் துளசிமாடம் வரைக்கும் போனாள். பூட்ஸ் வரவில்லை.

உள்ளேயிருந்து ஸ்நேஹாவின் குரல் கேட்டது. "அம்மா இல்லாம நான் பாடமாட்டேன் மாமி. எனக்கு வராது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விஷ்ணுப்ரியாவின் காதிலும் அது விழுந்தது. ஒரு நொடி யோசித்திருப்பாளா? இல்லை. கொலுவுக்குக் காகிதம் வெட்டிய கத்தி பெஞ்சின் மேல் கிடந்தது. எடுத்து, பூட்ஸின் வாய்க்குள் விரலைக் கொடுத்து என் சதையில் படாமல் பிடித்துக்கொண்டு, முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் நறநறவென்று அறுத்துக்கொண்டே வந்தாள். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"காலை அலம்பிண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள். கூடத்தில் அவள் குரல் பெரிதாகக் கேட்டது. "மாமி, மன்னி உள்ளே வரலாம். என் பூட்ஸைப் போட்டுப் பாருங்கோன்னு நானாக்கும் நிர்பந்தம் பண்ணினேன். கால்ல மாட்டிண்டுடுத்து, அதான்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. "ஓரகத்திகள்னா இப்படியாக்கும் இருக்கணும்" என்று மாமி மெச்சினாள். பொய் சொன்னதிலும் பெயர் அவளுக்குத்தான்.

நான் போய் உட்கார்ந்து பாடினேன். ஸ்நேஹா என் தொடையில் தாளம் போட்டாள். ஆனால் அடிக்கு அடி அவள் கண் வாசல் பக்கம் போய்விட்டு வந்தது. அங்கே விஷ்ணுப்ரியா குங்குமச்சிமிழோடு நின்றுகொண்டிருந்தாள்.

எல்லோரும் போனபிறகு ஸ்நேஹா பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அறுந்த பூட்ஸை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். என் சட்டத்தையும் மறந்து, படி தாண்டி, கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"அம்மா, சித்தி நெஜமாவே உன்னைப் போட்டுக்கச் சொன்னாளா?"

"சொன்னா."

"ஆசையா வாங்கினது. உனக்காக வெட்டிட்டா. நீயா இருந்தா சித்திக்காக வெட்டியிருப்பியாம்மா?"

"வெட்டியிருப்பேன்டி."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பாடும்போது அடுத்த அடிக்காகப் பார்ப்பாளே, அதே பார்வை. பிறகு, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் சித்தியின் அறைக்குப் போய்விட்டாள்.

நம்பவில்லை. பதினைந்து வருஷம் என் மடியில் வளர்ந்தவள், என்னை அவளுக்குத் தெரியாதா?