எலிசாவின் வாசலுக்கு ஒரு கல்

கோபம் வந்தால் குணேஸ்வரிக்குப் பசிக்காது, நித்திரை வராது, வேலை மட்டும் இரண்டு மடங்காக ஓடும். மகள் நிருஷாவின் கல்யாணம் குழம்பிய கிழமை, மொன்றியலின் புவாண்ட்-கிளேர் பக்கத்துப் பண்டகசாலையில் அவள் பெட்டி கட்டிய வேகத்தைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளனே வந்து ஏதும் பிரச்சினையா என்று விசாரித்தான். பிரச்சினைதான். ரொறன்ரோ மாப்பிள்ளை, மண்டபம் பேசியாயிற்று, கூறைச்சேலைக்கும் சொல்லியாயிற்று. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய் தொலைபேசி எடுத்து, பெண்ணுக்கு வலிப்பாமே, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கும் நில்லாமல் வைத்துவிட்டாள்.

வலிப்பு வந்தது உண்மை. நாலு வயதில், காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்த ஒரு நாள், ஒரே ஒரு தரம். அது வந்தது எதிர்வீட்டு எலிசாவின் குசினியில். எலிசாதான் பிள்ளையைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். பெண்பிள்ளை, வெளியில் தெரிந்தால் நாளைக்கு ஒருத்தனும் கட்டமாட்டான் என்று குணேஸ்வரி கெஞ்ச, மாதாமேல் ஆணையிட்டுக் கொடுத்தவளும் அவள்தான். அந்த விசயம் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். தாய் சொல்லவில்லை, பிள்ளை தன் தலையில் தானே மண் அள்ளிப் போடுமா? மிச்சம் எலிசா. அவளுடைய மகள் லக்சனாவுக்கும் நிருஷாவின் வயதுதான், இன்னும் ஒரு சம்பந்தமும் பொருந்தவில்லை. குணேஸ்வரிக்குக் கணக்குச் சரியாக வந்தது.

பியர்பொன்ட்ஸுக்குக் குடிவந்த நாள் முதல் குழம்பும் கறிவேப்பிலையும் கைமாறிய சிநேகிதம். அன்றோடு கதை இல்லை, பேச்சு இல்லை. என்ன நடந்தது என்று கேட்க எலிசா மீன் கட்லட்டோடு வந்து கதவைத் தட்டினாள். குணேஸ்வரி உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை. கரிநாக்கு, இவளுக்கு ஏதாவது செய்யாமல் விடமாட்டேன் என்று கறுவிக்கொண்டாள். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அதைக் காட்டிக் கொடுத்தது ஸ்பெயின்.

அம்மாவின் மனம் ஆறட்டும் என்று வைகாசியில் நிருஷாதான் கூட்டிப்போனாள். அவளோடு வேலை செய்கிற சிநேகிதி ஒருத்தியின் பூர்வீக ஊர். மலையில் பாம்பு மாதிரி வளைந்து ஏறுகிற பாதை முடிகிற இடத்தில் கொஞ்சம் கல்வீடுகள், ஒரு கோயில், சனத்தைவிட அதிகமாகப் பூனைகள். ஊரின் பெயர் குணேஸ்வரியின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. ஆனால் அங்கே பார்த்த ஒரு வீடு அவள் நெஞ்சில் ஏறிக் குந்திவிட்டது. அந்த வீட்டின் வாசலை நிலை உயரத்துக்குக் கற்கள் அடைத்துக்கொண்டு கிடந்தன.

சிநேகிதியின் பெரியதாய் சொல்லச் சொல்ல, நிருஷா தமிழாக்கினாள். அந்த நாட்டுச் சண்டைக் காலத்தில் மலைக்குள் ஒளிந்திருந்த பெடியன்களை அந்த வீட்டுக்காரன் காட்டிக் கொடுத்தானாம். ஒருத்தரும் திரும்பி வரவில்லை. ஊர் அவனை அடிக்கவில்லை, ஏசவில்லை. அவன் வாசலைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரும் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். கல் ஏற ஏற அவன் பின்பக்கத்தால் போய் வந்தான். பிறகு ஒரேயடியாகப் போய்விட்டான். இன்றைக்கும் அந்த வழியே போகிறவர்கள் கல் வைக்கிறார்கள். அவன் உண்மையாகவே காட்டிக் கொடுத்தானா என்று நிருஷா கேட்டதற்குக் கிழவி தோளைக் குலுக்கினாள். யாருக்குத் தெரியும், அப்படித்தான் சொல்லுவார்கள் என்றாள்.

அந்தக் கடைசிப் பேச்சைக் குணேஸ்வரி காதில் போடவில்லை. இதல்லவோ மானமுள்ள சனம் என்று மெச்சிக்கொண்டு, தானும் ஒரு கல்லைத் தேடி வைத்துவிட்டுத்தான் மலையிறங்கினாள்.

மொன்றியலுக்குத் திரும்பியதும் அவளுக்குப் புது உசார். விடியக் கருக்கலில் ஆற்றங்கரைக்கு நடப்பாள். கைக்கடக்கமான ஒரு கல்லைப் பொறுக்கி எலிசாவின் வாசற்படியில் வைப்பாள். வைக்கும்போது, கல்யாணம் குழப்பினவளே, இந்தா என்று மனதுக்குள் சொல்லுவாள். பேந்து பேருந்தைப் பிடித்து வேலைக்குப் போவாள். அந்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கியது, நித்திரை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, பழிவாங்குவது உடம்புக்கு நல்லதாகத்தான் இருந்தது.

எலிசா பயப்படுவாள், அழுவாள், பின்பக்கத்தால் போய் வருவாள் என்று குணேஸ்வரி யன்னல் சீலைக்குப் பின்னால் காத்திருந்தாள். நடந்தது வேறு. எலிசா கல்லை எடுத்தாள், தண்ணீர்க் குழாயில் கழுவினாள், முற்றத்தில் நின்ற மாதா சொரூபத்தின் காலடியில் வைத்தாள். அடுத்த நாளும் அப்படியே. கோடை நடுவுக்கு வரும்போது சொரூபத்தைச் சுற்றிச் சாந்து பூசிய ஒரு குட்டிக் கெபி, லூர்து மாதாவின் குகை மாதிரி, எழும்பத் தொடங்கிவிட்டது. குணேஸ்வரிக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் இன்னும் பெரிய கற்களாகப் பார்த்துத் தூக்கினாள். கெபி இன்னும் வேகமாக வளர்ந்தது.

புரட்டாதியில் ஒரு விடியல், கல்லோடு வந்தவளை நிருஷா தங்கள் வீட்டு ஒழுங்கையிலேயே மறித்தாள்.

"அம்மா, அந்தக் கல்லை என்ரை அறை வாசலிலை வையுங்கோ. ரொறன்ரோவுக்கு எடுத்துச் சொன்னது நான்தான்."

குணேஸ்வரி கல்லை இறுக்கிப் பிடித்தாள்.

"இந்தக் கல்யாணம் வேண்டாம் வேண்டாம் எண்டு உங்களிட்டை எத்தினை தரம் சொன்னனான்? நீங்கள் காதிலை வாங்கேல்லை. வலிப்பெண்டால்தான் அவையள் விடுவினம் எண்டு எனக்குத் தெரியும்."

அடிக்கத்தான் கை வந்தது. கையில் கல் இருந்தபடியால் குணேஸ்வரி தன்னைத் தானே அடக்கிக்கொண்டாள். பெற்ற மகளின் வாசலில் கல் வைக்கிற வழக்கம் எந்த மலையிலும் இருக்காது. இத்தனை மாதமும் ஊட்டி வளர்த்த கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல் நடந்தாள். பழகின கால்கள் எலிசாவின் வாசலில் கொண்டுபோய் விட்டன.

எலிசா கதவைத் திறந்துகொண்டு நின்றாள். காத்திருந்தவள் மாதிரி.

"முதல் நாளே தெரியும், குணேசக்கா. வாசல் மணியிலை கமெரா இருக்கு. அந்த ஊர்க் கதையையும் படத்தையும் நிருஷா எனக்கும் அனுப்பினவள்."

ரொறன்ரோவுக்கு எடுத்துச் சொன்னது தான்தான் என்று நிருஷா இப்போதுதான் ஒத்துக்கொண்டதைக் குணேஸ்வரி தட்டுத் தடுமாறிச் சொன்னாள், மன்னித்துக்கொள் என்றும் சொல்லப் போனாள். எலிசா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது இப்ப என்னாலை தர ஏலாது. நீதான் சொன்னனியோ எண்டு ஒருக்கால் வந்து கேட்டிருந்தால் போதும். நீங்கள் கேக்கேல்லை. ஒவ்வொரு கல்லையும் உங்கடை பேரைச் சொல்லித்தான் நானும் வைச்சனான்." கெபியின் உச்சியைக் காட்டினாள். "அதிலை ஒண்டு குறையுது. கையிலை இருக்கிறதைத் தந்திட்டுப் போங்கோ. ஞாயிற்றுக்கிழமை எங்கடை கோயில் சுவாமி வாறார், ஆசீர்வதிக்க. நீங்கள் முன்னுக்கு நிக்கோணும்."

போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் கமெராவில் இருப்பது எலிசாவின் கையில் இருந்தது. குணேஸ்வரி நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

முற்றம் நிறைய எலிசாவின் கோயில் பங்குச் சனம். செபமாலை முடிந்து சுவாமி தீர்த்தம் தெளித்ததும் எலிசா முன்னுக்கு வந்தாள். இந்தக் கெபியின் கல் முழுவதையும், ஒருத்தருக்கும் தெரியாமல், விடியக் கருக்கலில் ஆற்றங்கரையிலிருந்து சுமந்து தந்தது எங்கள் குணேசக்கா என்றாள். சைவமாய் இருந்தும் மாதாவில் அவவுக்கு அவ்வளவு பக்தி, ஒவ்வொரு கல்லிலும் அவவின் மனம் இருக்கிறது என்றாள். சனம் உருகிப்போயிற்று. சுவாமி குணேஸ்வரியின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். ஒரு வயதான மனுசி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கைகளை எங்கே ஒளிப்பது என்று குணேஸ்வரிக்குத் தெரியவில்லை. நாலு பேர் கல்லால் எறிந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்து தேத்தண்ணிக்குக் கலைந்தார்கள். எலிசா மட்டும் அவளை நேரே பார்த்தபடி தட்டிக்கொண்டே நின்றாள்.