சீப்புப் பல் போட்ட கையெழுத்து

தொண்ணூற்றேழாம் வருஷம் ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பத்ரி தன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தான். முகம் அகப்படவில்லை. சபரிமலைக்கு மாலை போட்ட நாளிலிருந்து வளர்ந்த தாடிதான் அகப்பட்டது. அதற்குள் ஒரு குருவி கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுக்குக் கல்யாணமே பண்ணி வைத்திருந்தாலும் வெளியே தெரிந்திருக்காது.

ஒன்பதரை மணிக்கு அவனுக்குத் துறைத் தேர்வு. எழுதித் தேறினால் செக்‌ஷன் ஆபீசர். இல்லையென்றால் சாகும்வரை அசிஸ்டென்ட். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று, மூன்றாவதுக்குமேல் வாய்ப்பு கிடையாது. ஹால் டிக்கெட்டில் ஒட்டியிருந்த படத்திலோ மழமழவென்ற தாடையும் அடர்ந்த மீசையுமாக வேறு யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். போன தடவை இப்படித்தான் தாடியோடு வந்த ஒருவரை, "படத்தில இருக்கிற ஆளை அனுப்பு" என்று வாசலிலேயே திருப்பிவிட்டதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமையே வந்து சேர்ந்து, திங்களன்று சலூனுக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. வடக்கே இறங்கிய மூடுபனியில் ரயில் நின்று நின்று முப்பது மணி நேரம் தாமதமாக வந்தது. விடியற்காலை வீட்டுக்கு வந்து, மாலையைக் கழற்றி சுவாமி படத்தில் போட்டுவிட்டுத் திரும்பினால் செவ்வாய்க்கிழமை. டெல்லியில் செவ்வாயன்று சலூன் கிடையாது. மரத்தடியில் நாற்காலி போடுகிறவர்கூட நாற்காலியை மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்துவிட்டு, தன்னுடைய பிளாஸ்டிக் ரேசரை எடுத்தான். இரட்டை பிளேடு. இரண்டே இழுப்பில் நடுவில் மயிர் அடைத்துக்கொண்டு, மூன்றாவது இழுப்பில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"பிளாஸ்டிக் உதவாதுன்னு நான் சொன்னேனோல்லியோ" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மாமனார் ராஜாராமன். ரிட்டையர் ஆகி மகள் வீட்டோடு வந்தவர். கையில் பிஸ்கட் டின். இந்த ஒரு நாளுக்காக ஐந்து வருஷமாக அவர் தூங்கவே இல்லை என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது, அப்படி ஒரு வெளிச்சம் முகத்தில். தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொறுக்கிச் சேர்த்த பழைய ரேசர்கள் டின்னுக்குள் இருந்தன.

அதில் சீப்புப் பல் வைத்த ஒன்றோடு பத்ரிக்குப் பழைய பகை. தலை தீபாவளியன்று கங்கா ஸ்நானத்துக்கு முன்னால் மாமனார் அதைப் பரிசாகக் கொடுத்து, அங்கேயே தன் கையாலேயே மழித்தும் விட்டார். இடது தாடையில் மூன்று சின்னக் கோடுகள் விழுந்தன. ரேசரை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டான், கோடுகள்தான் இன்னும் போகவில்லை.

"மாமா, அந்த சீப்பு வெச்சது மட்டும் வேண்டாம்."

"சேச்சே, அது கடைசி ஆயுதம். இதப் பாருங்கோ." ராஜாராமன் வேறொன்றை எடுத்து அடிக் குமிழைத் திருகினார். உச்சியில் இரண்டு கதவுகள் மெல்லத் திறந்தன. "பிளேடைத் தொடவே வேண்டாம். கதவைத் திற, பிளேடைப் போடு, சாத்து. இதைக் கண்டுபிடிச்சவனுக்குக் கோயில் கட்டணும்."

"நானே பண்ணிக்கறேன்."

"உங்க கை ஆடற ஆட்டத்துக்குக் காதுதான் போகும். உக்காருங்கோ."

அடுக்களையிலிருந்து மாமியார் மங்களம் மாமியின் குரல். "செவ்வாக்கிழமையும் அதுவுமா ஆத்துக்குள்ள என்ன சத்தம்?"

"பல் தேய்க்கறோம்டீ."

"ரெண்டு பேருமா?"

ராஜாராமன் சோப்பு நுரையைப் பூசினார். இடது கன்னத்தில் கதவு ரேசர் வெண்ணெயில் போகிற மாதிரிப் போயிற்று. தாடையில் பழைய தழும்புகூட வெளியே வந்தது. பத்ரிக்கு மூச்சும் வந்தது. அதைக் கண்டுபிடித்த மகான் ஒன்றை யோசிக்கவில்லை, டெல்லித் தண்ணீரை. அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் வருஷக்கணக்காகக் கீலில் உறைந்து கிடந்தது. அதன்மேல் இன்றைய சோப்பும் மயிரும் சேர்ந்ததில் ஒரு கதவு முழுதாக மூடவில்லை. பிளேடு உள்ளே லொடலொடவென்று ஆடியது.

"மாமா, ஏதோ ஆடற மாதிரி."

"பேசாதீங்கோ, மீசைகிட்ட இருக்கேன்."

சரக்கென்று ஒரு சத்தம். இருவரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். மீசையில் இடது பாதி கண்ணாடியில் இல்லை, வாஷ்பேசினில் இருந்தது.

  ராஜாராமன் கதவைத் திறந்து பிளேடைச் சரிசெய்யக் குமிழைத் திருகினார். திறக்கவில்லை. துண்டைச் சுற்றித் திருகினார், பல்லைக் கடித்துத் திருகினார். நார்த் பிளாக் அமைச்சகக் கதவுகூட அந்த முயற்சிக்குத் திறந்திருக்கும்.

மங்களம் மாமி வந்து எட்டிப் பார்த்தாள். பாதிக் காடும் பாதி மைதானமுமாக மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான்.

"அடப் பாவமே. செவ்வாக்கிழமை க்ஷவரமா?"

"மாமி, நிறுத்திடட்டுமா?" பத்ரியின் குரல் அழுகையின் விளிம்பில் இருந்தது.

மாமி யோசித்தாள். "முழுசா வழிச்சுண்டு போனா ஒரு தோஷம். இப்படிப் போனா போலீஸ். சட்டுனு முடியுங்கோ, மணி எட்டு."

ஆக, கடைசி ஆயுதம் வெளியே வந்தது. மூன்றே துண்டு, கைப்பிடி, சீப்புத் தகடு, மேல்மூடி. கீலும் கிடையாது, கதவும் கிடையாது, அடைக்க இடமும் கிடையாது. பல்லுக்குப் பல் இடைவெளி விட்டு, எத்தனை நீள மயிரையும் வாரி உள்ளே இழுத்து அறுத்துவிடும். காடு நாலே நிமிஷத்தில் ஒழிந்தது, மிச்ச மீசையும் போயிற்று. குறை ஒன்றுதான்: கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் மயிர் எது, மாப்பிள்ளை எது என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. வலது தாடையில் மூன்று சிவப்புக் கோடுகள் விழுந்தன.

படிகாரத்தைத் தேய்த்து, பேப்பர் துணுக்கை ஒட்டி, ஆட்டோவில் ஏற்றினார்கள். ராஜாராமனும் டின்னோடு ஏறிக்கொண்டார். "எதுக்கு மாமா இது?" என்று கேட்கக்கூடப் பத்ரிக்குத் தெம்பில்லை. பனியில் ஆட்டோ எருமை மாதிரி நகர்ந்தது.

தேர்வுக்கூட வாசலில் மணி ஒன்பது இருபது. கம்பளித் தொப்பி போட்ட அதிகாரி ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், பத்ரியைப் பார்த்தார்.

"மூச் கஹான் ஹை?"

மீசை வாஷ்பேசினில் இருக்கிறது என்று எந்த பாஷையில் சொல்வது? "காலையில எடுத்துட்டேன் சாப்" என்றான் இந்தியில்.

"இன்னைக்குன்னு பார்த்தா?" அதிகாரி விரலை அட்டையின் கீழே ஓட்டினார். அங்கே அடையாளக் குறி என்று ஒரு வரி. உடம்பில் ஒரு மச்சம்கூட இல்லாத பத்ரி, விண்ணப்பத்தில் வேறு வழியில்லாமல் எழுதியது: இடது தாடையில் மூன்று கோடுத் தழும்பு. "காட்டு."

காட்டினான். அதிகாரியின் கண் இடமிருந்து வலம் போயிற்று. பேப்பர் துணுக்கைப் பிய்த்தார். அங்கேயும் மூன்று கோடு. அவர் முகம் இறுகியது. "ஒண்ணுதான் எழுதியிருக்கு. ரெண்டு இருக்கு. எதை வரைஞ்சுட்டு வந்தே?"

ஒன்பது இருபத்தாறு. பத்ரி இரண்டு தாடையையும் மாறி மாறித் தடவினான்.

"பாய்சாப், ஏக் மினிட்." ராஜாராமன் டின்னைத் திறந்தார். பிளேடு இல்லாத சீப்புத் தகட்டை எடுத்து, மாப்பிள்ளையின் இடது தாடையில் வைத்தார். அடுத்தடுத்த மூன்று பற்கள் வெளுத்துப்போன மூன்று கோடுகளில் கச்சிதமாக உட்கார்ந்தன. வலது பக்கம் வைத்தார். அங்கேயும் உட்கார்ந்தன. "இது அஞ்சு வருஷம் முன்னால தீபாவளிக்கு. இது இன்னிக்குக் காலையில. ரெண்டும் நான் பண்ணினது."

அதிகாரி தழும்பைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அழியவில்லை. ராஜாராமனைப் பார்த்தார். "நீங்க யார்?"

"சசுர்" என்றார், மாமனார் என்பதற்கு இந்தியில்.

அதிகாரி பத்ரியின் முகத்தை இன்னொரு தரம், இந்தத் தடவை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, கேட்டைத் திறந்தார். "ஜா பேட்டா, ஜல்தி."

பத்ரி ஓடினான். பின்னால் கேட் சாத்தும் சத்தத்துக்கு மேலே மாமனாரின் குரல் துரத்திக்கொண்டு வந்தது.

"மாப்பிள்ளை, நாளைக்கு ரெண்டாவது பேப்பர் இல்லியோ? புதன்கிழமை, நல்ல நாள். கதவு ரேசரைப் புளித்தண்ணில ஊறப்போட்டு வெக்கறேன்."